ஸ்பானருக்குப் போட்ட பூட்டு

2022-ன் கோடையில் போலந்து நாட்டின் ரயில் பட்டறை ஒன்றில் மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எதிரே நின்றது மின்ரயில். பெயர் இம்பல்ஸ். பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்து, பெரிய ஓவர்ஹாலிங்குக்காக வந்திருந்த வண்டி. சக்கரத்திலிருந்து மோட்டார்வரை கழற்றி, சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, உற்பத்தியாளர் கொடுத்த கையேட்டில் இருந்தபடியே திரும்பப் பூட்டியாயிற்று. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரி என்றே காட்டியது. பிரேக் விட்டது. டிரைவர் கைப்பிடியைத் தள்ளினார். வண்டி அசையவில்லை. மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை.

ஒரு வண்டி என்றால் எங்கோ கை தவறியிருக்கலாம் என்று விட்டுவிடலாம். அடுத்து வந்ததும் அப்படியே நின்றது. அதற்கடுத்ததும். இந்த ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்த லோயர் சைலீசியா வட்டார ரயில்வேக்கு வண்டிப் பற்றாக்குறை வந்து, பயணிகள் நெரிசலில் நசுங்கினார்கள். பழி முழுவதும் பட்டறையின் தலையில் விழுந்தது. எஸ்.பி.எஸ். என்ற அந்தத் தனியார் பட்டறை, ரயிலைத் தயாரித்த நெவாக் நிறுவனத்தைவிடக் குறைந்த விலை கேட்டு டெண்டரை எடுத்திருந்தது. 'தயாரித்தவனிடம் விடாமல் யாரோ ஒருவனிடம் விட்டால் இப்படித்தான்' என்று ஊர் பேச இது போதாதா?

பட்டறைக்காரர்கள் அப்போது செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். கூகுளில் 'போலந்து ஹேக்கர்கள்' என்று தட்டித் தேடினார்கள். டிராகன் செக்டர் என்ற குழுவின் பெயர் வந்தது. உலக அளவிலான ஹேக்கிங் போட்டிகளில் பரிசுகளைக் குவித்த இளைஞர்கள். மிஹாவ் கோவால்சிக், செர்கியுஷ் பஸான்ஸ்கி, யாகுப் ஸ்டெம்ப்னியெவிச் என்ற மூவர் வந்து, ரயிலின் கட்டுப்பாட்டுக் கணினியில் இருந்த நிரலை அப்படியே நகலெடுத்தார்கள். ஓடும் ரயிலின் நிரலையும் நின்றுபோன ரயிலின் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பைட் பைட்டாக ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மாத வேலை. ஒப்பந்தக் கெடு முடியும் தறுவாயில் வண்டி நகர்ந்தது.

அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னது இதுதான். ரயிலின் மென்பொருளில் சில இடங்களின் ஜி.பி.எஸ். குறியீடுகள் எழுதப்பட்டிருந்தன. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அவை போலந்தில் உள்ள பிற நிறுவனங்களின் ரயில் பட்டறைகள். அந்த எல்லைக்குள் ஒரு ரயில் பத்து நாள் நின்றால் போதும், அதற்குப் பிறகு நகராது. இன்னொரு ரயிலில் இருந்தது இதைவிட விசித்திரம். தேதி 21 அல்லது அதற்கு மேல், மாதம் 11 அல்லது அதற்கு மேல், ஆண்டு 2021 அல்லது அதற்கு மேல் என்றால் கம்ப்ரஸர் பழுது என்று காட்டு, இதுதான் கட்டளை. கம்ப்ரஸரில் ஒரு கோளாறும் கிடையாது. எழுதியவர் கணக்கில் கொஞ்சம் அசட்டை போலிருக்கிறது. தேதியையும் மாதத்தையும் தனித்தனியாக ஒப்பிடச் சொன்னதால், 2022 ஜனவரியில் அந்த நிபந்தனை பொருந்தாமல் போனது, ரயில் நல்ல பிள்ளையாக ஓடியது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று மறுபடி 'பழுதானது'. டிரைவரின் பலகையில் சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பூட்டு விடுபடும் ரகசிய வழியும் இருந்தது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2023 டிசம்பரில் போலந்துப் பத்திரிகைகளில் இது வெடித்தது. மாதக் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் மூவரும் மேடையேறி விளக்கினார்கள். வேறு சில ரயில் நிறுவனங்களின் வண்டிகளையும் சோதித்ததில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் இப்படிப்பட்ட பூட்டுகள் இருந்தன என்றார்கள். நெவாக் அனைத்தையும் மறுத்தது. அந்த நிரலை நாங்கள் எழுதவில்லை, ரயிலின் மென்பொருளில் கை வைத்தவர்களே பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி, ஹேக்கர்கள் மீதும் பட்டறை மீதும் வழக்கு தொடுத்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, பதிப்புரிமை மீறல்.

யார் எழுதினார்கள் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம்மூர் லாத்துப் பட்டறைக்காரரும் மொபைல் கடைக்காரரும் கவனிக்க வேண்டியது வேறு. அந்த மெக்கானிக்குகள் வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. கையேட்டை வரிவரியாகப் பின்பற்றினார்கள். இருந்தும் ஊர் முன்னால் வேலை தெரியாதவர்கள் என்ற பெயர் வாங்கினார்கள். அதிலிருந்து அவர்களை மீட்க உலகத்தரம் வாய்ந்த மூன்று ஹேக்கர்கள் தேவைப்பட்டார்கள். எத்தனை பட்டறைகளுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கும்?

பிளம்பர் ஆகு, பிழைத்துக்கொள்வாய்

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 'செயற்கை நுண்ணறிவின் தந்தை' என்று அழைக்கப்படும் ஜெஃப்ரி ஹின்டன், 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். ஏஐ காலத்தில் இளைஞர்கள் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டதற்கு, 2025 ஜூனில் ஒரு நேர்காணலில் பிளம்பர் வேலையைச் சொன்னார். என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங்கும் அதே ஆண்டில், டேட்டா சென்டர்கள் கட்ட எலெக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் என்று லட்சக்கணக்கானோர் தேவைப்படுவார்கள் என்றார். ஹின்டன் பேசிய அடுத்த மாதமே டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தது. சிறுசேரியில் பிள்ளை வேலை பார்க்கும் வீடுகளில் அன்று சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். ஏஐ-யால் கோடு எழுத முடியும், குழாய் ஒழுகினால் அடைக்க முடியுமா? மீம்ஸ், ரீல்ஸ், தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் ஐந்து நிமிடச் சொற்பொழிவு. ஐந்தாண்டுக்கு முன்பு எல்லாரையும் கோடிங் படிக்கச் சொன்ன அதே வாய்கள்தான். பத்து வயதுப் பிள்ளைக்குக் கோடிங் வகுப்பு விற்றவர்கள் இப்போது வெல்டிங்கின் மகிமையைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையை ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவில் சேர்க்க விண்ணப்பம் வாங்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கைவேலை என்றாலே சாதியையும் சேர்த்துப் பார்க்கும் ஊர் இது. ஒரு ஃபார்வர்டு மெசேஜில் அது மாறிவிடாது.

ஆனால் அந்த அறிவுரையில் எனக்கு இருக்கும் சண்டை இதைவிடப் பெரியது. 'கைத்தொழிலை ஏஐ தொடாது' என்று சொல்கிற தொழில்நுட்ப உலகம்தான், கைத்தொழிலாளி தொடக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வருகிறது. மெக்கானிக்கின் வேலைக்கு ரோபோ வந்து உலை வைக்க வேண்டியதில்லை. அவர் மாற்றிய பாகத்தை ஏற்க மாட்டேன் என்று வண்டியே சொல்லிவிட்டால் போதும்.

டிராக்டர் உன்னுடையது, ஓட்டும் அனுமதி என்னுடையது

இந்த விளையாட்டை நன்றாக விளையாடியவர்கள் அமெரிக்காவின் ஜான் டீர் டிராக்டர் நிறுவனத்தார். அவர்களுடைய பெரிய டிராக்டர்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் கம்ப்யூட்டர்கள் நிறைந்திருக்கின்றன. சென்சார் ஒன்று கெட்டால் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும். புது சென்சார் வாங்கிப் பொருத்துவது விவசாயிக்கே தெரியும். ஆனால் அதை இயந்திரம் ஏற்றுக்கொள்ள, டீலரின் ஆள் வந்து லேப்டாப்பை இணைத்து அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. அறுவடை நாளில் வயலில் நிற்கும் இயந்திரத்துக்கு டீலரின் ஆள் எப்போது வருவார் என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் இது விவாதத்துக்கு வந்தபோது டீர் சொன்ன வாதம் சுவையானது. இயந்திரத்தை வாங்கிய விவசாயிக்கு அதை இயக்கும் மென்பொருளைப் பயன்படுத்த, அந்த வண்டியின் ஆயுள்வரை ஓர் அனுமதி மட்டுமே உண்டு. அதாவது இரும்பு உன்னுடையது, மூளை எங்களுடையது. டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கும் 1998-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், சினிமா டிவிடி திருட்டைத் தடுக்க எழுதப்பட்டது. டிராக்டருக்கும் அதையே நீட்டினார்கள். விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. உக்ரைனில் பூட்டு உடைக்கப்பட்ட மென்பொருளை இணையத்தில் வாங்கி, அமெரிக்க விவசாயிகள் தங்கள் டிராக்டருக்கு ஏற்றிக்கொண்ட செய்தி 2017-ல் வந்தது. சோளக் காட்டுக்காரர் பழுதுபார்க்கத் திருட்டு மென்பொருள் தேடி இருட்டுச் சந்தைக்குப் போக வேண்டிய நிலை.

இதே உக்ரைனில் 2022-ல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மெலிட்டோபோல் நகரைப் பிடித்த ரஷ்யத் துருப்புகள், அங்கிருந்த டீர் டீலரின் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மதிப்புள்ள இயந்திரங்களை ஏற்றிச் சென்றனர். சில செச்னியாவரை போய்விட்டன. போய் இறங்கிய பிறகு பார்த்தால் ஒன்றும் கிளம்பவில்லை, தொலைவிலிருந்தே பூட்டிவிட்டார்கள். இணையம் விசில் அடித்துக் கொண்டாடியது. திருடனுக்குக் கிடைத்த பாடம் என்று நானும் ரசிக்கத்தான் செய்வேன். ஆனால் செச்னியாவில் நிற்கும் வண்டியை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது என்றால், அமெரிக்காவின் அயோவாவில் நிற்கும் வண்டிக்கும் அது இருக்கும். நாளை தவணை கட்டத் தவறிய விவசாயியின் வண்டிக்கும். அன்று கைதட்டியவர்களில் வெகுசிலரே அதை யோசித்தார்கள்.

அதே 2022 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஹேக்கர் மாநாட்டில் சிக் கோட்ஸ் என்ற புனைபெயர் கொண்டவர் டீர் இயந்திரத்தின் திரையை உடைத்துத் திறந்து, அதில் டூம் என்ற பழைய சுடும் விளையாட்டை ஓட்டிக் காட்டினார். எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் டூம் ஓட்டிப் பார்ப்பது இணையத்துப் பிள்ளைகளின் குலவழக்கம். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமே, இரண்டு மாநிலங்களோடு சேர்ந்து, பழுதுபார்க்கும் சந்தையை ஒருவர் கையில் முடக்கியதாக டீர் மீது வழக்குப் போட்டது. காட்டில் கத்திய விவசாயிகளின் குரல் நீதிமன்றம் போய்ச்சேர இத்தனை வருடம் ஆயிற்று.

ஐஸ்கிரீம் மெஷின் கதை இன்னும் கேலிக்கூத்து. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஐஸ்கிரீம் மெஷின் எப்போதும் கெட்டே இருக்கும் என்பது பல வருட ஜோக். 2020-ல் ஓர் இளைஞர் ஒவ்வொரு கடையிலும் ஐஸ்கிரீம் ஆர்டர் கொடுத்துப் பார்க்கும் நிரல் எழுதி, எங்கெங்கே கெட்டிருக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார். அந்த மெஷின் ஏன் நின்றது என்று கடைக்காரருக்குச் சொல்லும் சின்னக் கருவியைக் கைட்ச் என்ற சிறு நிறுவனம் விற்றது. அதைக் கழற்றி எறியுங்கள் என்று மெக்டொனால்ட்ஸ் தன் கடைக்காரர்களுக்கு எழுதியது. 2024 அக்டோபரில்தான் வணிக உணவு இயந்திரங்களின் டிஜிட்டல் பூட்டைப் பழுதுபார்ப்பதற்காக உடைக்கலாம் என்று அந்த 1998-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டின் மைக்ரோஸ்கோப்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. இரண்டு ஆள் நிற்கக்கூடிய கடை. மேஜையில் மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் மெஷின், பேஸ்ட் டப்பா. விரல் நகத்தைவிடச் சிறிய ஐசி-யை எடுத்து, அடியில் இருக்கும் ஈய உருண்டைகளைப் புதிதாக வைத்து, மறுபடி போர்டில் உட்கார வைக்கிறார் ஒரு தம்பி. ரீபாலிங் என்பார்கள். பக்கத்தில் இருக்கும் திரையில் சீனத்து மென்பொருள் ஒன்று, அந்த போனின் சர்க்யூட் முழுவதையும் விரித்துக் காட்டுகிறது. போன் கம்பெனி கொடுக்காத வரைபடம் அது. இந்தி யூடியூப் சேனலைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள் அங்கே நிறைய; வார்த்தை புரியாவிட்டாலும் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும் என்பார்கள்.

இணையத்தின் பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால், சமூக ஊடகத்தையும் சாட்பாட்டையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் ஒரு மேஸ்திரியிடம் டீ வாங்கிக் கொடுத்து, அடி வாங்கி, பல வருடம் கழித்துக் கிடைத்த வித்தை, இன்று யாரோ முகம் தெரியாத ஒருவர் தன் மேஜைக்கு மேல் கேமராவை மாட்டியதால் எல்லாருக்கும் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் 2003-ல் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஐஃபிக்ஸிட், பழுதுபார்ப்புக் கையேடுகளை இலவசமாக இணையத்தில் போட்டது. லேப்டாப் போர்டை சரிசெய்வதை வீடியோ எடுத்துப் போட்டே லூயி ராஸ்மன் பழுதுபார்க்கும் உரிமை கேட்கும் இயக்கத்தின் முகமானார். நம்மூர் போர் மோட்டார் காயில் கட்டுபவர்கள்கூட இப்போது யூடியூபில் சுற்றுக் கணக்கைச் சொல்லித் தருகிறார்கள்.

வித்தை திறந்துகொண்டே போகிறது. பொருள் மூடிக்கொண்டே போகிறது. 2016-ல் ஐபோன் 6 வைத்திருந்த பலருக்குத் திரையில் 53 என்ற பிழை எண் வந்து போன் செத்துப்போனது. வெளிக்கடையில் ஹோம் பட்டனை மாற்றியிருந்த போன்கள், மென்பொருள் அப்டேட் வந்ததும் பூட்டிக்கொண்டன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தது. ஆனாலும் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அதன் பிறகு வந்தது இன்னும் நுட்பமான வழி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணும் போனும் ஜோடி. ஐபோன் 13-ல் டிஸ்பிளேயை மாற்றினால் ஃபேஸ் ஐடி வேலை செய்யாது என்று முதலில் இருந்தது. போட்டது ஒரிஜினல் டிஸ்பிளே என்றாலும் அதே கதி. எதிர்ப்புக் கிளம்பியதும் விட்டுக்கொடுத்தார்கள். நம் கடைக்காரர்கள் அதற்குள் பழைய டிஸ்பிளேயிலிருந்து ஐசி-யைப் பெயர்த்துப் புதியதில் ஒட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

2022-ல் ஆப்பிள், வாடிக்கையாளரே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் திட்டம் தொடங்கியது. பேட்டரி மாற்றக் கருவிகளை வாடகைக்குக் கேட்ட பத்திரிகையாளர் ஒருவரின் வீட்டில் இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. எடை ஏறத்தாழ 36 கிலோ. ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் வேலைக்கு! உரிமை கேட்டவன் வாயை அடைக்க இதைவிடப் பணிவான வழி கிடையாது. 2024 மார்ச்சில் ஓரிகன் மாநிலம், பாகங்களை ஜோடி சேர்த்துப் பூட்டும் இந்த முறைக்கே தடை போட்டது. ஆப்பிள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் விஷயம் உண்டு

கம்பெனிகள் சொல்வது அத்தனையும் பொய் என்று எழுதினால் அது நேர்மையாகாது. திருட்டு போனைப் பிரித்துப் பாகமாக விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாகத்துக்கு எண் இருந்தால் அந்த வியாபாரம் அடிபடும். மட்டமான லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். 'ஒரிஜினல் மாதிரி' என்று சொல்லி டூப்ளிகேட் டிஸ்பிளேயைத் தலையில் கட்டுகிற கடைகள் நமக்குத் தெரியாததல்ல. எஞ்சின் கம்ப்யூட்டரில் கை வைத்துப் புகைக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓடும் லாரிகளும் உண்டு.

இதற்கெல்லாம் தீர்வு தகவலைத் தருவதுதான், பூட்டுவது அல்ல என்பது என் கட்சி. வெளிக்கடையில் போட்ட பாகம் இது என்று திரையில் காட்டட்டும். அது வாங்குகிறவருக்கு நல்லது. காட்டிவிட்டு வேலை செய்யட்டும். திருட்டுப் போன் பட்டியலில் இருந்து வந்த பாகத்தை மட்டும் தடுப்பதும் முடியக்கூடிய காரியமே; ஆப்பிளே 2024-ல் அந்தத் திசையில் மென்பொருளை மாற்றியது. பாதுகாப்பு என்று சொல்லிப் போட்ட பூட்டு, போட்டியாளரின் பட்டறை வாசலில் மட்டும் விழுகிறது என்றால் அது யாருடைய பாதுகாப்பு?

இந்தியாவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

பலருக்கு நினைவிருக்காது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்திருந்ததுதான் குற்றம். உலகம் பழுதுபார்க்கும் உரிமை என்று பேசத் தொடங்கிய காலத்திலேயே வந்த துணிச்சலான உத்தரவு. பிறகு மேல்முறையீடுகளில் அது இழுபட்டது, செய்தியிலிருந்தும் மறைந்தது.

இன்னொரு நல்ல செய்தி, நம் பதிப்புரிமைச் சட்டம். 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதை, உரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றமாக்குகிறது. அமெரிக்க விவசாயிக்கு வந்த தலைவலி அந்த அளவுக்கு நம் மெக்கானிக்குக்கு இல்லை. பழுதுபார்க்கப் பூட்டைத் திறந்தேன் என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காகக் கம்பெனி கையேட்டைக் கொடுத்துவிடப் போவதில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளம் ஒன்றும் திறந்தார்கள். எந்தக் கம்பெனிக்கு எங்கே சர்வீஸ் சென்டர், வாரன்டி எவ்வளவு என்ற தகவல்கள் இருக்கும். ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. பிரான்சில் 2021-லிருந்தே அது நடைமுறை. எல்லாம் நல்லதுதான். ஆனால் தளத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பெனி தானே மனமுவந்து போட்ட தகவல். வெளி மெக்கானிக்குக்குப் பாகமும் கையேடும் மென்பொருளும் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை.

இதன் விலையை நம் தெருமுனை டூவீலர் மெக்கானிக் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. கார்புரேட்டர் போய், எஃப்.ஐ. எனும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஸ்க்ரூவைத் திருகி, சத்தத்தைக் காதில் வாங்கி, 'இப்ப ஓட்டிப் பாருங்க சார்' என்று சொல்லும் காலம் முடிந்தது. பழுதறியும் ஸ்கேனர் வாங்கியவர் நின்றார். வாங்காதவர் பழைய வண்டிகளை நம்பிக் கடை நடத்துகிறார். அதுகூடப் பரவாயில்லை, காற்று சுத்தமாகிறது, தொழிலும் மாற வேண்டியதே. அடுத்து வந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில்தான் அவருக்குக் கதவே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக்குக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓராண்டில் வந்த 10,644 புகார்களை வைத்து, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பான்மைப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அந்த வாதம் இருக்கட்டும். சர்வீஸ் சென்டரில் வண்டிகள் வரிசை கட்டி நின்ற அதே நாளில், பக்கத்துத் தெருவில் ஸ்பானரும் கையுமாக ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வண்டி என்றால் அந்த வரிசையில் பாதியை அவரே கரைத்திருப்பார்.

தமிழ்நாடு அரசு 71 அரசு ஐடிஐ-க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, சி.என்.சி., எலெக்ட்ரிக் வாகனம் என்று புதுப் பாடங்கள். மனமாரப் பாராட்டலாம். அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைக்கு இரண்டு வழிகள். கம்பெனியில் சேர்ந்து ஒப்பந்தத் தொழிலாளியாகலாம். அல்லது சொந்த ஊரில் கடை போடலாம். இரண்டாவது வழியில் அவன் கற்றது முழுவதும் பயன்பட வேண்டுமானால், அவன் கடைக்கு வரும் வண்டி அவன் ஸ்கேனரோடு பேச வேண்டும். அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு காசுக்காவது கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடிகளைக் கொட்டிக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததாகவே அது முடியும்.

தொழில்துறைக்கு நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் தரும் அரசுக்கு, பதிலுக்கு ஒன்றைக் கேட்கும் தெம்பு இருக்க வேண்டும். இங்கே விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கருவிக்கும் கையேட்டையும் பழுதறியும் மென்பொருளையும் நியாயமான விலையில், கேட்கிற எந்தப் பட்டறைக்கும் கொடு என்பதே அது. ஓரிகனாலும் கொலராடோவாலும் முடிந்திருக்கிறது. அவை ஒவ்வொன்றின் மக்கள்தொகையும் தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாசகர்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்து வண்டியோ போனோ வாஷிங் மெஷினோ வாங்குவதற்கு முன், ஷோரூமுக்குப் போகிற வழியில் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'அண்ணே, இந்த மாடல் கெட்டுப்போனா உங்களால திறக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியாது என்றால், அந்த மாடலை விட்டுவிட்டு அவர் கைகாட்டுவதை வாங்குங்கள்.